முதல் பாகத்தில் கட்டாத தாலி

ஒரு படத்தை இரண்டாக வெட்டி, முதல் துண்டை இந்த வருஷமும் மிச்சத் துண்டை என்றைக்கோ ஒரு நாளும் காட்டுகிறவர்களை நான் மன்னிக்க மாட்டேன். யாராவது என் எதிரில் உட்கார்ந்து, "செகண்ட் பார்ட்டுக்கு என்னமா லீட் வச்சிருக்கான் பாருங்க!" என்று சிலாகித்தால் பேச்சை மாற்றுவேன். மாறவில்லையென்றால் எழுந்து போய்விடுவேன். (ஆபீஸ் லஞ்சில் ஒருமுறை மீ கோரெங் நூடுல்ஸைத் தட்டோடு விட்டுவிட்டு எழுந்திருக்கிறேன். சாப்பாட்டைப் பாதியில் விட்டதற்கும் அந்த டைரக்டரைத்தான் திட்டினேன்.)

மற்றவர்களுக்கு அது ஒரு சினிமா. எனக்கு அதில் மாட்டிக்கொண்டது என் கல்யாணம்.

அப்போது நான் சிங்கப்பூரில், ஈசூனில் அம்மாவோடு இருந்தேன். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர் வேலை. இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் இன்டர்காமில், "பயப்படாதீங்க, வந்துட்டோம்" என்று மூன்று மொழியில் ஆறுதல் சொல்கிறவன் நான். அவ்வளவு வாய் உள்ளவனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். முதலில் பார்த்த வீட்டில் கேசரி நன்றாக இருக்கிறதா என்று கேட்டார்கள், தலையை ஆட்டினேன். இரண்டாவது வீட்டில் எங்கே வேலை என்று கேட்டார்கள். அதற்கும் தலையை ஆட்டினேன். தம்பிக்குப் பேச்சு வருமா என்று மறுநாள் போன் பண்ணி விசாரித்தார்கள்.

"இனிமே கேசரியும் வேணாம், சோபாவும் வேணாம்" என்றாள் அம்மா. "கேஷுவலா பார்த்துக்கலாம்."

அம்மாவுக்குக் கோயில் அன்னதானத்தில் சேர்ந்து காய் வெட்டுகிற சிநேகிதி செண்பகம் ஆன்ட்டி. சுவா சூ காங்கில் வீடு. அவருடைய மகள் ரேவதி பாலர் பள்ளி ஆசிரியை. இரண்டு அம்மாக்களும் கத்திரிக்காய் வெட்டிக்கொண்டே போட்ட திட்டம் இதுதான்: லிட்டில் இந்தியா பக்கம் ஒரு தியேட்டரில் புதுப்படம். இரண்டு குடும்பமும் "தற்செயலாக" ஒரே வரிசையில் உட்காரும். அந்தத் தியேட்டரில் தமிழ்ப் படத்துக்கு இடைவேளை விடுவார்கள். இடைவேளையில் நானும் ரேவதியும் பாப்கார்ன் வாங்கப் போவோம். பத்து நிமிஷம் பேசுவோம். பிறகு மணி அடிக்கும். பேச எதுவும் இல்லாவிட்டாலும் தப்பித்துக்கொள்ளலாம்.

என்னைப் போன்ற ஒருவனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு உலகத்தில் கிடையாது. படம் முடிந்து வீட்டுக்குப் போவதற்குள் இரண்டு பக்கமும் முடிவு சொல்லிவிட வேண்டும் என்பது அம்மாக்களின் ஒப்பந்தம். நான் ஐந்து கேள்விகள் தயார் பண்ணி, கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்தேன். முதல் கேள்வி, "படம் எப்படிப் போகுது?" (சிரிக்காதீர்கள். அதற்கே மூன்று நாள் யோசித்தேன்.)

ராஜா காலத்துப் படம். போஸ்டரில் வாள் இருந்தது, யானை இருந்தது, எட்டு நடிகர்களின் தலை இருந்தது. இது பாதிப் படம்தான் என்று ஒரு வார்த்தை இல்லை. டிக்கெட்டிலும் இல்லை. முழுக் காசு வாங்கினார்கள்.

உட்கார்ந்த வரிசையிலேயே சனியன் ஆரம்பித்தது. கேஷுவலாக உட்கார வேண்டும் என்று அம்மா கண்ணைக் காட்டிக் காட்டி, கடைசியில் நான் இந்தக் கோடியில், ரேவதி அந்தக் கோடியில். நடுவில் ரேவதியின் அப்பா, அம்மா, என் அம்மா. ரேவதியின் அப்பா முத்துசாமி அங்கிள் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். இருட்டில் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "தம்பி, ஷார்ப்பா ஆரம்பிச்சுட்டான், நல்ல டிரைவர்" என்றார்.

படம் ஓடியது. குதிரைகள் ஓடின. ராஜா போருக்குப் போனார், வந்தார், மறுபடி போனார். நான் இடைவேளைக்காகக் காத்திருந்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று, வரவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் ஓடியது. மூன்றரை மணி நேரப் படம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், அதனால் இடைவேளை தாமதமாக வரும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். சண்டைக் காட்சியில் எல்லோரும் விசில் அடிக்கும்போது நான் மட்டும் உதட்டை அசைத்து ஐந்து கேள்விகளையும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது கேள்வி மறந்துபோயிருந்தது.

அப்புறம் கல்யாண மண்டபம். இளவரசி மணமேடையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். மேளம் உச்சத்துக்குப் போகிறது. ராஜா தாலியை இரண்டு கையாலும் உயர்த்துகிறார். அவள் கழுத்துக்கு அருகில் கொண்டுபோகிறார். மண்டபத்துக் கதவு படாரென்று திறக்கிறது. யாருடைய நிழலோ விழுகிறது. ராஜா திரும்பிப் பார்க்கிறார். அப்படியே நின்றுவிட்டது படம். இருட்டு. பிறகு தியேட்டர் விளக்கு எரிந்தது.

இடைவேளை!

திரையில் அடுத்து என்ன எழுத்து வந்தது என்று பார்க்க நான் அங்கே இல்லை. அங்கிளின் காலை மிதித்து, பக்கத்து வரிசைக்காரரின் பையைத் தாண்டி, வாசலுக்கு ஓடினேன். ரேவதி பின்னாலேயே வருவாள், அதற்குள் க்யூவில் இடம் பிடித்துவிட வேண்டும். கவுண்டரில் க்யூவே இல்லை. என் வாழ்நாளில் ஆள் இல்லாத பாப்கார்ன் கவுண்டரை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிங்கப்பூர்க்காரனுக்கு அந்த இடத்திலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கோ சந்தோஷம் வந்தது.

ஐந்து பேருக்குப் பாப்கார்ன், ஐந்து பானம், அங்கிளுக்குத் தனியாக ஒரு நாச்சோஸ். எல்லாவற்றையும் ஒரு அட்டைத் தட்டில் அடுக்கிக்கொண்டு நின்றேன். கூட்டம் வெளியே வந்துகொண்டே இருந்தது. பாவம், எவ்வளவு நேரம்தான் அடக்கிக்கொண்டிருப்பார்கள், எல்லோரும் டாய்லெட்டுக்குப் போகிறார்கள் என்று நினைத்தேன். (இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.) ரேவதி வரவில்லை. சரி, வெட்கப்படுகிறாள் போலிருக்கிறது என்று தட்டோடு உள்ளே போனேன்.

உள்ளே ஒரு சீன ஆன்ட்டி துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை.

"அங்கிள், ஃபினிஷ் ஆல்ரெடி லா."

அங்கிள் என்றதை விட்டுவிடுகிறேன். முடிந்துவிட்டது என்றதை எப்படி விடுவது? "நோ, நோ ஆன்ட்டி. ஹாஃப் ஒன்லி. ஸ்டில் காட் வெட்டிங்" என்று திரையைக் காட்டினேன். தாலி இன்னும் கட்டவில்லை என்று கையால் அவர் கழுத்துக்கு நேராகக் கட்டிக் காட்டினேன். அவர் இரண்டடி பின்னால் போனார்.

"நோ மோர் வெட்டிங்" என்றார் துடைப்பத்தை முன்னால் நீட்டியபடி. "யூ கோ ஹோம்."

இரண்டு குடும்பமும் என்னைத் தேடிப் பார்த்துவிட்டு, தம்பி கீழே போயிருக்கும் என்று பக்கத்துக் கதவு வழியாக இறங்கியிருந்தார்கள். எஸ்கலேட்டரில் ஐந்து பானம் தளும்பத் தளும்ப நான் இறங்கி வந்தபோது, சிராங்கூன் ரோட்டின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவில் அவர்கள் நின்றிருந்த கோலத்தைப் பார்த்தால் ஏதோ துக்க வீட்டு வாசல் மாதிரி இருந்தது. செண்பகம் ஆன்ட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா ஆச்சு?" என்றேன் அம்மாவிடம்.

"படம் அவ்வளவுதானாம்டா. பாதிப் படம்ங்கிறதால இடைவேளையும் விடலையாம். மிச்சம் அடுத்த பாகத்துல வருமாம்."

முத்துசாமி அங்கிள் பொருமிக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன் தம்பி. ஒரு ஆளை, ஒரே ஒரு ஆளை, நடுவழியில இறங்குன்னு சொல்லியிருப்பேனா? முழுக் காசையும் வாங்கிட்டுப் பாதி ரோட்டுல இறக்கி விட்டுட்டு அடுத்த பஸ் எப்ப வரும்னும் சொல்ல மாட்டேங்கிறானே, இவனெல்லாம் ஒரு மனுஷனா?"

"பஸ்ஸ விடுங்க" என்றார் ஆன்ட்டி. "நாம என்ன காரியமா வந்தோம்? நல்ல காரியம் பேச வந்தோம். வந்த இடத்துல தாலி கழுத்துக்கிட்ட போய் நின்னுடுச்சே! இத விட ஒரு அபசகுனம் வேணுமா?"

"ஆன்ட்டி, அது சினிமா..." என்றேன். பெண் பார்க்கும் விஷயத்தில் நான் வாய் திறந்த முதல் தடவை அது. யாரும் கவனிக்கவில்லை.

"எனக்கும் மனசுக்குச் சரியாப் படல செண்பகம்" என்றாள் என் அம்மா. என்னைப் பெற்ற அம்மா! எனக்கு ஆதரவாக ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?

அங்கேயே, நகைக்கடை வாசலில், கட்டைப்பையால் இடித்துக்கொண்டு போகிறவர்களுக்கு நடுவில் நின்று தீர்ப்பு சொன்னார் ஆன்ட்டி. "எங்களுக்குத் தம்பிய பிடிக்காம இல்ல. ஆனா ரெண்டாம் பாகம் வரட்டும். அதுல தாலி ஏறுதான்னு பார்த்துட்டு மேல பேசலாம்."

பையன் வேலை எப்படி, குடிப்பானா, குணம் எப்படி என்று விசாரிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சென்னையில் முகம் தெரியாத ஒரு டைரக்டர் மனது வைத்தால்தான் கல்யாணம் என்று மாட்டிக்கொண்டவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்தன்தான்.

தட்டைப் பிடித்தபடி மரம் மாதிரி நின்றேன். ரேவதி பக்கத்தில் வந்து, ஒரு பாப்கார்னை எடுத்துக்கொண்டாள்.

"ஸ்வீட்டா, சால்ட்டா?"

ஐந்து கேள்வி தயார் பண்ணியவன், பதில் ஒன்றுகூட தயார் பண்ணவில்லை. "ஃபினிஷ் ஆல்ரெடி லா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவள் வாயில் இருந்த பாப்கார்ன் வெளியே வரும்படி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நான் விழுந்தேன். இந்தப் பெண் வேண்டும் என்று அந்த நடைபாதையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வயிற்றெரிச்சலும் அங்கேதான் ஆரம்பித்தது.

கிளம்பும்போது, "பார்ட் டூ டேட் வந்தா மெசேஜ் பண்ணுங்க" என்று நம்பர் கொடுத்தாள். புத்தியுள்ளவன் இதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வான்? நான் டேட் வந்தால் மெசேஜ் பண்ண வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். மாதக்கணக்கில் அவளுக்கு நான் அனுப்பியதெல்லாம் இந்த ரகம்: "தீபாவளிக்கு வருதாம்." "தீபாவளிக்கு வரலையாம். கிராபிக்ஸ் முடியலையாம்." "பொங்கலுக்கு." "பொங்கல் இல்ல." "ஹீரோ வேற படத்துக்குத் தாடிய எடுத்துட்டாராம், மறுபடி வளரணுமாம்." வேறொருத்தன் தாடி வளர்வதற்காக நான் கல்யாணம் ஆகாமல் உட்கார்ந்திருந்தேன். சொன்னால் நம்புவீர்களா?

ஒருநாள் அந்த டைரக்டர் பேட்டி கொடுத்தார். "நல்ல விஷயத்துக்குக் கொஞ்சம் காத்திருக்கத்தான் வேணும்" என்று தாடையைத் தடவிக்கொண்டே சொன்னார். எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த வீடியோவின் கீழே, பொய்ப்பெயரில், "அண்ணே, முதல்ல அந்தத் தாலிய கட்டிட்டு மத்ததைப் பேசுங்க. இங்க ஒரு குடும்பமே காத்துக்கிட்டு இருக்கு" என்று எழுதிப் போட்டேன். லைக் குவிந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ரேவதியிடமிருந்து மெசேஜ்: "இது நீங்கதானே?"

ஆமாம் என்றேன்.

"உங்களுக்குச் சொந்தமா ஏதும் சொல்ல இருக்கா, இல்ல படத்தைப் பத்தி மட்டும்தானா?"

அப்புறம்தான் எனக்கு வெளிச்சம் வந்தது. தேக்கா மார்க்கெட்டில் டீ குடித்தோம். அடுத்த வாரமும் குடித்தோம். லிஃப்டில் மாட்டிக்கொள்கிறவர்கள் என்னென்ன பேசுவார்கள் என்று சொன்னேன்; பாலர் பள்ளியில் பிள்ளைகள் பென்சிலை எங்கெங்கே சொருகிக்கொள்வார்கள் என்று அவள் சொன்னாள். எனக்குப் பேச்சு வந்தது. ஒருநாள் அவளே, "இவன் பார்ட் டூ விடுறதுக்குள்ள பொங்கோலுல வீடே கட்டி முடிச்சிடுவாங்க போல. அப்ளை பண்ணலாமா?" என்றாள். கல்யாணம் பண்ணப்போகிறவர்கள் சேர்ந்து அரசாங்க வீட்டுக்கு மனுப் போடுகிற எங்கள் ஊரில் இதற்கு மேல் காதலைத் தெளிவாகச் சொல்ல முடியாது. நான் சரி என்பதற்குள் அவளே தொடர்ந்தாள்: "பட், அம்மா மனசார சரி சொல்லணும் கதிர். அழுதுக்கிட்டே சொன்னா எனக்கு வேணாம்."

ஆக, மறுபடியும் தாடிக்கே வந்து நின்றது கதை.

ஒருவழியாக இரண்டாம் பாகம் வந்தது. அதே தியேட்டர், அதே ஐந்து பேர். இந்த முறை கேஷுவல் எல்லாம் இல்லை. செண்பகம் ஆன்ட்டி விபூதி பூசி, பட்டுப்புடவை கட்டி வந்திருந்தார். என் அம்மா கைப்பையில் அர்ச்சனைப் பூ வைத்திருந்தாள். முத்துசாமி அங்கிள் டிக்கெட் கிழிக்கிற பையனிடம், "இது எண்டு பாயின்ட் வரைக்கும் போகும்தானே?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

படம் ஆரம்பித்தது. அதே மண்டபம், அதே தாலி, அதே கதவு. நிழல் யாருடையது என்று காட்டப் போகிறார்கள். அதற்குள் திரையில் "பல ஆண்டுகளுக்கு முன்" என்று போட்டான் பாவி. அந்த நிழலின் தாத்தா எப்படி வில் வித்தை கற்றார் என்று ஒரு மணி நேரம் காட்டினார்கள். தாலி என்ன ஆயிற்று என்று தெரியாமல் நாங்கள் ஐந்து பேரும் ஒரு கிழவர் அம்பு விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "ரூட்டே தெரியாத டிரைவரா இருக்கான்" என்றார் அங்கிள், சத்தமாக.

இடைவேளை வந்தது. ஆம், இந்த முறை விட்டார்கள். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. ஆன்ட்டி கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ரேவதி எட்டி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை. அப்போதுதான் எனக்கும் பயம் பிடித்தது.

பின்பாதியில் ஒருவாறாக மண்டபத்துக்குத் திரும்பினார்கள். ராஜா தாலியை உயர்த்தினார். நிழல்காரன் உள்ளே வந்தான். சண்டை. தூண் சாய்ந்தது, யானை ஓடியது, தாலி பறந்து போய் ஹோம குண்டத்தில் விழுந்தது. ராஜா அதைப் பார்த்தார், இளவரசியைப் பார்த்தார், "என் வாழ்வு இனி நாட்டுக்கே" என்று ஒரு வசனம் பேசிவிட்டுக் குதிரை ஏறிப் போயே போய்விட்டார். தியேட்டரே எழுந்து நின்று கை தட்டியது. இளவரசி மாலையும் கழுத்துமாக மணமேடையிலேயே உட்கார்ந்திருக்க, பேர் ஓட ஆரம்பித்தது.

முடிந்தது என் கதை. பக்கவாட்டில் பார்க்கத் தைரியம் இல்லை.

அப்போது ஆன்ட்டியின் குரல் கேட்டது. அழுகை இல்லை. அன்னதானத்தில் வரிசை மீறுகிறவர்களை அதட்டுகிற குரல்.

"அடப்பாவி! கட்டையில போறவனே! அந்தப் பொண்ணு போன பாகத்துலேர்ந்து தலையைக் குனிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. அத ஒரு வார்த்தை கேட்டானா? நாடாம், நாடு! இத்தனை நாளா ஒருத்திய மணையில உட்கார வச்சிட்டு..."

சட்டென்று நிறுத்தினார். திரும்பி ரேவதியைப் பார்த்தார். ரேவதி தலையைக் குனிந்து, முன்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆன்ட்டி என் அம்மாவின் கைப்பையிலிருந்த பூவைப் பிடுங்கினார். "நானும் இதைத்தானே பண்ணியிருக்கேன்" என்றார். பூவை ரேவதியின் தலையில் வைத்துவிட்டு, எல்லோர் முழங்காலையும் இடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். "தம்பி, ஆவணியில முதல் முகூர்த்தம். தள்ளிப் போட்டீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும்."

நான் தள்ளிப் போடுகிறேனாம்! எப்படி இருக்கிறது பாருங்கள். ஆனாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது, தலையை ஆட்டினேன்.

ஆவணியில் கல்யாணம். மணமேடையில் ரேவதி தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். கெட்டிமேளம் முழங்குகிறது. நான் தாலியை இரண்டு கையாலும் உயர்த்தி அவள் கழுத்துக்கு அருகில் கொண்டுபோகிறேன். கேமராக்காரர் குறுக்கே கையைக் காட்டினார். "சார், சார், அப்படியே ஒரு செகண்டு நில்லுங்க! இந்தப் பக்கம் திரும்பிப் பாருங்க!"

நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். பழக்கதோஷம், யார் கேமராவைக் காட்டினாலும் திரும்பிவிடுவேன்.

"நிறுத்தாதே! கட்டு!"

மேளக்காரர்கள் ஒரு கணம் அடியை விட்டார்கள். அத்தை (அன்றிலிருந்து ஆன்ட்டி இல்லை, அத்தை) பட்டுப்புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு மேடையில் ஏறி, கேமராவை ஒரு கையால் மறித்து, இன்னொரு கையால் என் தலையை நேராகத் திருப்பினார். நான் கட்டினேன். எத்தனை முடிச்சு போட்டேன் என்று நினைவில்லை. அவிழாது, அது தெரியும்.

அதனால் எங்கள் ஆல்பத்தில் தாலி கட்டுகிற படம் கிடையாது. அந்த நேரத்தில் கேமராவில் விழுந்த ஒரே படத்தை ரேவதி பெரிதாக்கி, பொங்கோல் வீட்டின் ஹாலில் மாட்டியிருக்கிறாள். படம் முழுக்க அத்தையின் உள்ளங்கையும் வளையலும்தான். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும், "மாப்பிள்ளை எங்க?" என்று கேட்பார்கள். மாமா (அவரும் இப்போது அங்கிள் இல்லை) கூப்பிட்டுப் போய் விரலை வைத்துக் காட்டுவார்: வளையலுக்குப் பின்னால் கொஞ்சமாகத் தெரிகிற அந்தக் காது என்னுடையது.